எட்டு நாற்காலி கேட்ட சர்வர்

காலை 7 மணிச் செய்தி முடிந்ததும் பாட்டு வர வேண்டும். வரவில்லை. 4 விநாடி மௌனம். வீட்டில் நீங்கள் வானொலிப் பெட்டியைத் தட்டிப் பார்க்கும் அளவுக்கு அது நீண்ட நேரம்!

ஒரே வாரத்தில் 3 முறை. மூன்று நாளும் ஒலிபரப்பு மேசையில் இருந்தவள் வேலைக்குச் சேர்ந்து 2 மாதமே ஆன தங்கை ஒருத்தி. "பட்டனைத் தாமதமா அமுக்குற" என்றார்கள். நானும் சொன்னேன். "இல்லக்கா, சரியாத்தான் அமுக்குறேன்" என்றாள். காலை நிகழ்ச்சியிலிருந்து அவளை மாற்றிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

எங்கள் பாடல்களை ஒலிக்கவிடுவது ஒரு மெய்நிகர் கணினி. ஒரே சர்வருக்குள், அடுக்குமாடிக் குடியிருப்பைப் போல, மின்னஞ்சல், கணக்கு, காணொளி என்று பல மெய்நிகர் கணினிகள் குடியிருக்கின்றன. முதல் புகார் வந்தபோதே எங்கள் கணினிக்கு 4 செயலிகளை 8 ஆக்கியிருந்தார்கள். அதன் பிறகுதான் மௌனம் கூடியது. ஆனால், அதற்குள் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செயலிப் பயன்பாடு 35 விழுக்காடுதான். "சர்வர் நல்லாத்தானே இருக்கு?"

தொழில்நுட்பப் பிரிவு அண்ணன் வந்தார். "உள்ளே இருந்து பார்த்தா தெரியாதும்மா" என்று விஎம்வேர் நிர்வாகத் திரையைத் திறந்தார். அதில் 'சிபியு ரெடி' என்று ஓர் அளவு உண்டு. வேலை தயார், உண்மையான செயலி கிடைக்காமல் காத்திருந்த நேரம் அது. 7 மணி வாக்கில், ஒவ்வொரு 20 விநாடியிலும் ஒரு செயலிக்கு 2,400 மில்லி விநாடி காத்திருப்பு. அதாவது 12 விழுக்காடு. 5 விழுக்காட்டைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம்.

சரி, செயலியைக் கூட்டியது ஏன் வினையானது? காலை நேர மாமாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். 2 பேர் போனால் உடனே இடம் கிடைக்கும். 8 பேர் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் நிற்க வேண்டியதுதான். இப்போதைய விஎம்வேரில் எட்டும் ஒரே நொடியில் அமர வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும், ஒரு செயலி மற்றவற்றைவிட அதிகம் முந்திப் போய்விட்டால் அதை நிறுத்திவைக்கும்.

போதாக்குறைக்கு, எல்லாக் கணினிகளிலும் வைரஸ் சோதனை சரியாக 7 மணிக்குத் தொடங்கியது. யாரோ என்றோ வைத்த நேரம்!

அண்ணன் 8 செயலிகளை மீண்டும் 4 ஆக்கினார். சோதனையை நள்ளிரவுக்கு மாற்றி, ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு நேரம் கொடுத்தார். மறுநாள் காத்திருப்பு 2 விழுக்காட்டைத் தொடவில்லை.

மேகக் கணினியை வாடகைக்கு எடுத்து லினக்ஸ் ஓட்டும் இளையர்களுக்கு ஒரு குறிப்பு: 'டாப்' கட்டளையில் 'எஸ்டி' என்ற எண்ணைப் பாருங்கள். அது உயர்ந்தபடியே இருந்தால், உங்கள் பங்குச் செயலி நேரம் அக்கம்பக்கத்தாருக்குப் போகிறது என்று சந்தேகிக்கலாம். 'டபிள்யூஏ' உயர்ந்தால் வட்டுப் பக்கம் தேடுங்கள்.

அன்று பசியாறும்போது தங்கைக்கு நான்தான் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன்.

"இப்ப சொல்லுங்கக்கா, யாரு லேட்டு?" என்றாள்.