பொம்மை சேர்த்த கார்ட்டூனிஸ்ட்

கொலு வைக்கும்போது மரப்பாச்சியைக் கையைவிட்டு இறக்காத பையன் உங்கள் வீட்டில் உண்டா? அவனைக் கேலி செய்யாதீர்கள். கார்ட்டூனிஸ்ட் சங்கருக்கும் அந்த ஆசைதான், அதுவும் பெரியவரான பிறகு! அவர் நடத்திய குழந்தைகள் போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மை தந்தார். அதில் மனம் பறிகொடுத்த சங்கர், பிரதமர் நேருவுடன் பத்திரிகையாளராகப் போன நாடுகளில் எல்லாம் பொம்மை வாங்கினார். ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனதில் சில உடைந்தன. நிரந்தர இடம் தேவைப்பட்டது. 1965 நவம்பர் 30 அன்று டெல்லியில் சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்குள்ள பட்டறையில் செய்யும் இந்தியப் பொம்மைகளைக் கொடுத்து, வெளிநாட்டுப் பொம்மைகளை மாற்றாகவும் பெறுகிறார்கள்.