புரொஸ்டேட் ஒப்பரேஷனுக்குப் பிறகு



"வெட்டுக்காயமே இல்லையே, பிறகென்ன?" பதுளை ஆஸ்பத்திரியில் புரொஸ்டேட் ஒப்பரேஷன் முடிந்து ஹாலிஎலப் பக்கம் வீடு திரும்பும் நமது பெரியவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். காயம் இருக்கிறது, உள்ளே இருக்கிறது.

புரொஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி. வயது ஏற ஏற அது பெருத்து, பீலியில் இலை அடைத்த மாதிரிச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும். பெரும்பாலும் அந்தப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள். அதனால்தான் வெளியே தையல் இல்லை.

வார்ட்டில் டியூப் போட்டு, உள்ளே இரத்தம் கட்டியாகாதபடி உப்புத் தண்ணீரால் கழுவுவார்கள். தண்ணீர் சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். டியூப் மடங்காமல் பாருங்கள். ஓட்டம் நின்றாலோ, அடிவயிறு உப்பி வலித்தாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டாவது வாரமளவில் உள்ளே பொருக்கு உதிரும். சிறுநீர் மறுபடி சிவக்கலாம். ஓய்வாகப் படுத்து நிறையத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் அதே வாரத்தில்தான் மனுஷனுக்கு உடம்பு சுகமென்று தோன்றும். வெறகு கட்டைத் தூக்குவார், கவ்வாத்துக் கத்தியை எடுப்பார். நாலு முதல் ஆறு வாரம் இதெல்லாம் கூடாது. உர மூட்டை, தண்ணீர்க் குடம் எதுவும் தூக்கக்கூடாது. பேர் போகுமே என்ற கவலை நியாயந்தான். அதற்காக டொக்டரிடம் மெடிக்கல் துண்டு கேட்டு வாங்குங்கள்.

இருதய, சிறுநீரக வருத்தம் இல்லாதவர்கள் நாளைக்கு இரண்டு லீட்டராவது கொதித்தாறிய தண்ணீர் குடிக்கட்டும். தேத்தண்ணியைக் குறைக்கச் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வரும், இராத்திரியிலாவது விடுங்கள். மலம் முக்கிக் கழித்தால் இரத்தம் கசியும், ஆகவே கீரையும் பப்பாளியும் கொடுங்கள். இரத்தத்தை மெலிதாக்கும் குளிசைகளை டொக்டர் சொன்ன பிறகே திரும்பத் தொடங்க வேண்டும்.

சில வாரம் சிறுநீர் சொட்டலாம். மருமகளிடம் சொல்ல வெட்கப்படுவார்; மகனோ பேரனோ பக்குவமாகக் கேளுங்கள். ஒண்ணுக்கை அடக்குவது போல இறுக்கி, ஐந்து எண்ணி விடும் பயிற்சியை நாளுக்குப் பல தடவை செய்தால் குறையும். தாம்பத்தியத்தை ஒரு மாதமளவு ஒத்திப்போட வேண்டும். பிறகு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போகலாம். அதனால் தீங்கில்லை, ஆண்மை போனதென்றும் அர்த்தமில்லை.

ஒண்ணுக்கு வரவேயில்லை, இரத்தம் கட்டி கட்டியாகப் போகிறது, குளிர்காய்ச்சல் நடுக்குகிறது என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு வேண்டாம். ஆஸ்பத்திரித் துண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.