வெற்றுப் பெட்டியும் பழைய பற்றுச்சீட்டும்

சன் துவான் பழம்பொருட் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டார் வார்ஸ் பொம்மை சேர்ப்பவர்கள் இருவர் வாதாடிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பொம்மைகள் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1977இலா, 1978இலா என்பதே வழக்கு. கணக்காளர் தொழில் பார்க்கும் எமக்கு இருவர் சொல்வதும் சரி என்றே பட்டது.

படம் அமெரிக்காவில் 1977 மே 25இல் வெளிவந்தது. பொம்மை செய்யும் உரிமை கென்னர் நிறுவனத்திடம் இருந்தது. படம் அப்படி ஓடும் என்று எவரும் நினைக்கவில்லை. அச்சுச் செய்து, வார்த்து, நிறம் பூசிக் கப்பலேற்ற மாதக்கணக்கில் செல்லும். நத்தாருக்குச் சரக்கு இல்லை. ஆகவே கென்னர் ஒரு மட்டை உறையை விற்றது. உள்ளே பொம்மை கிடையாது. சில ஒட்டுப்படங்களும் ஒரு சான்றிதழும்தான். சான்றிதழைத் தபாலில் அனுப்பியவர்களுக்கு 1978இல் நான்கு பொம்மைகள் வீடு வந்து சேர்ந்தன. கடைத்தட்டுகள் நிறைந்ததும் அந்த ஆண்டில்தான்.

எமது பாடத்தில் இதற்குப் பெயர் முற்பணம். பொருள் கைமாறும் வரை அது வருமானம் அல்ல, ஐந்தொகையில் பொறுப்பு. 1977 என்பவர் காசு கைமாறியதைச் சொல்கிறார். 1978 என்பவர் பொருள் கைமாறியதைச் சொல்கிறார்.

பிரான்ஸில் படம் 1977 அக்டோபரில் திரைக்கு வந்தது. பொம்மைகளோ பின்னர் மெக்கானோ என்ற பெயரில் வந்தன; இரு நிறுவனங்களும் அப்போது ஜெனரல் மில்ஸ் வசம் இருந்தன. பொம்மை எந்த நாட்டுக் கடைக்கு வந்தது என்பதை இங்குள்ள சேகரிப்பாளர் அட்டையிலுள்ள முத்திரையை வைத்தே சொல்கிறார். ஞாபகம் படத்தையும் பொம்மையையும் ஒரே நாளில் சேர்த்து வைத்துவிடும். அட்டை அப்படிச் செய்யாது.

எமக்குச் சிறுவயதில் படப் பொம்மை ஏது? யாழ்ப்பாணத்தில் ராணி, மனோகரா தியேட்டர்களில் படம் பார்த்த காலத்தில் பாட்டுப் புத்தகம்தான். இங்கு வந்தபின் லாச்சப்பல் கடைகளில் வீடியோ கசெட். அங்கே முதல் கசெட் எப்போது விற்பனைக்கு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் 83 கலவரத்துக்கு அடுத்த வருடம் என்பார். மற்றவர் இல்லை, மாணிக்க விநாயகர் ஆலயம் தொடங்கிய 1985க்குப் பிறகுதான் என்பார். காட்டுவதற்கு ஒருவரிடமும் ஒன்றும் இல்லை.

பிரெஞ்சுச் சட்டப்படி வியாபாரி கணக்கு ஆவணங்களைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். அதன்பின் கிழிக்கலாம். "இனித் தேவையில்லை, எறியுங்கோ அண்ணை" என்று கடைக்காரரிடம் சொன்னவர்கள் நாமேதான். வரிக்கு அவை தேவையில்லை என்பது உண்மை. ஆனால் இந்தத் தெருவில் நாம் கடை வைத்த கதைக்கு வேறு சாட்சி எங்கே?

ஆகவே நிலக்கீழ் அறையில் பழைய கசெட் கிடந்தால் எறியுமுன் அதன் மட்டையைப் பாருங்கள். விலை பிராங்கில் இருந்தால் அது 2002க்கு முந்தியது. கடை முத்திரையில் தொலைபேசி எண் எட்டு இலக்கமானால் 1996 அக்டோபருக்கு முந்தியது. பரிஸ் எண் ஏழே இலக்கமானால் 1985 அக்டோபருக்கும் முந்தியது. அப்படி ஒரு மட்டை கிடைத்தால் எமது வழக்கும் தீர்ந்துவிடும்.