காருக்குள் இரண்டு நேரங்கள்

காரில் பொருத்திய வழிகாட்டிக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதன் திரையில் வரைபடத்துடன் மணியும் தெரியும். இங்கிலாந்தில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி திருப்பிவைக்கிறார்கள். கோடைகாலத்து வெளிச்சம் மாலையில் கூடுதலாகக் கிடைக்கவே இந்த ஏற்பாடு. காரிலுள்ள மணியை இப்படி மாற்றினால் கருவி வழி தவறிவிடாதா?

தவறாது. கருவி இரண்டு நேரங்களை வைத்திருக்கிறது. ஒன்று, செயற்கைக்கோள்களிலுள்ள அணுக்கடிகாரங்களோடு ஒத்துச் செல்வது. செயற்கைக்கோளின் ரேடியோ அலை வந்துசேர எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கொண்டே கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. அந்த அலை வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே நேரம் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் பிசகிவிடும்! இந்த நேரத்தைக் கோடைக்காக யாரும் மாற்றுவதில்லை.

மற்றொன்று, திரையில் நாம் காணும் மணி. உலகப் பொது நேரத்துடன் அந்தந்த நாட்டு வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ இது பெறப்படுகிறது. இந்தியாவுக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். கருவியில் கோடை நேர அமைப்பு தவறுதலாக இயங்கினால் வள்ளியூரில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டும்; ஆனால் வழியைச் சரியாகவே காட்டும்.

நம் நாட்டிலும் கடிகாரத்தைத் தள்ளிவைத்த காலம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்திய நேரம் ஒரு மணி முன்னால் இருந்தது. அப்போது வள்ளியூரில் என்ன நிகழ்ந்திருக்கும்?

இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. வள்ளியூர் ஏறத்தாழ 77.6 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். எனவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 20 நிமிடத்துக்கு. போர்க்காலத்தில் அதே உச்சிப்பொழுதில் கடிகாரம் 1 மணி 20 நிமிடம் காட்டியிருக்கும்!

அண்டை நாடான இலங்கையும் மின்பற்றாக்குறையால் 1996 மே மாதம் ஒரு மணி முன்னால் சென்றது. அக்டோபரில் அரை மணி குறைத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது.

லண்டனில் நீண்ட பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். குறுகிய பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பூமத்தியரேகைக்கு அருகிலுள்ள வள்ளியூரிலோ இந்த வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரமே. சேமிப்பதற்குக் கோடை வெளிச்சம் இங்கே அவ்வளவாக மிஞ்சுவதில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள். செப்டம்பர் 1 அன்று பள்ளித் திடலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்து குறியுங்கள். வானம் தெளிவாயிருந்தால் நிழல் ஏறத்தாழ மறையும் நேரம் எது? கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.