எலும்புக்கு இடம் பிடிக்கும் மெக்னீசியம்

பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு தேயத் தொடங்குகிறது. முதல் ஓராண்டிலேயே அதன் அகலத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடுகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களில். பிறகு செயற்கைப் பல்லுக்கான இம்பிளான்ட் வைக்கப் போனால், “திருகு பதிக்க எலும்பு போதாது, முதலில் வளர்க்க வேண்டும்” என்கிறார் மருத்துவர்.

வளர்ப்பதில்தான் சிக்கல். ஈறு வேகமாக வளரும், எலும்பு மெதுவாக. எலும்புத் தூளை நிரப்பி அப்படியே தைத்துவிட்டால் ஈற்றுச் சதை முந்திக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். பஸ் சீட்டில் துண்டு போட்டு வைப்பதைப் போல எலும்புக்கு இடம் பிடித்துவைக்க, நடுவே ஒரு சவ்வு வேண்டும்.

டைட்டானியம் வலை உறுதியாக நிற்கும். ஆனால் எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை. கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வு தானே கரையும். ஆனால் ஈரம் பட்டால் துவண்டு, பெரிய பள்ளத்தில் தொய்ந்துவிடும். அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து வருவது. நோயாளி கேட்கும்வரை காத்திராமல் மருத்துவரே இதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவே வந்திருக்கிறது மெக்னீசியச் சவ்வு. ஜெர்மனியின் போட்டிஸ் நிறுவனத்தின் ‘நோவாமேக்’ தூய மெக்னீசியத் தகடு, தடிமன் 0.14 மில்லிமீட்டர். கத்தரியால் வெட்டி, தாடையின் வடிவுக்கு வளைத்து, சிறு திருகால் பொருத்துகிறார்கள். உடல் நீருடன் வினைபுரிந்து உலோகம் மெல்ல உப்பாக மாறி மறைகிறது. நம் உடலில் இருக்கும் சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்குமேல் எலும்பில்தான் இருக்கிறது என்பதால், உடலுக்கு இது அந்நியப் பொருள் அல்ல.

கரையும் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜிய அறுவை மருத்துவர் லாம்போட், முறிந்த கால் எலும்பில் மெக்னீசியத் தகட்டை எஃகு ஆணிகளால் பொருத்தினார். 8 நாட்களில் தகடு சிதைந்தது. தோலுக்கடியில் வாயு திரண்டது. உடல் நீர் போன்ற உப்புநீரில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் பேட்டரி போல வினை நடந்து மெக்னீசியம் விரைந்து அரிக்கப்படும். அதனால்தான் இன்று திருகையும் மெக்னீசியக் கலவையிலேயே செய்கிறார்கள்.

தகடு கரையும்போது ஹைட்ரஜன் வரத்தான் செய்யும். அதனால் ஈற்றுக்கடியில் தெரியும் வீக்கத்தைச் சீழ் என்று தவறாக எண்ணி அவசரமாகக் கிழித்துவிடக் கூடாது. வாயுவை உடல் படிப்படியாக உறிஞ்சிக்கொள்ளும். அதுவரை பிரிந்துவிடாதபடி தையல் இழுவிசையின்றி அமைவதும் முக்கியம்.

மனிதர்களில் நீண்டகாலத் தரவு இன்னும் குறைவு. சிறு பள்ளத்துக்குக் கொலாஜனே போதும். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் எந்தச் சவ்வாக இருந்தாலும் புண் ஆறத் தாமதமாகும். புகையை விட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தபிறகுதான் எந்தச் சவ்வு என்ற பேச்சே.