தேடுபொறிக்கு வகை கற்பிப்போம்

90, 100, 250 என்னும் மூன்று விலைகளை ஏறுவரிசையில் அமைக்குமாறு ஒரு தேடுபொறியைக் கேட்கிறோம். அது 100, 250, 90 என்று அடுக்குகிறது! பொறி பழுதாகிவிட்டதா? இல்லை. அவை எண்கள் என்பதை நாம் அதற்குச் சொல்லவில்லை. ஆகவே, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல், முதற்குறிகளான 1, 2, 9 ஆகியவற்றை ஒப்பிட்டு அடுக்கிவிட்டது.

2004-இல் யோனிக் சீலி என்பவர் அமெரிக்காவின் சிநெட் நிறுவனத்தில் உருவாக்கி, 2006-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்ட 'சோலர்' என்னும் தேடுபொறியைப் பார்ப்போம். ஒவ்வொரு விவரமும் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை இதன் 'திட்டவரைவு' என்ற கோப்பில் எழுதிவைக்க வேண்டும். நூலின் விலைக்கு முழுஎண் வகை பொருந்தும். 0045 என்ற நூலக வரிசை எண்ணுக்கோ அது பொருந்தாது. முன்னுள்ள சுழிகள் நீங்கி 45 ஆகிவிடும். எண்போலத் தோன்றினாலும் அது ஓர் அடையாளமே. அதற்கு எழுத்துச்சர வகையே ஏற்றது.

நூலின் தலைப்பிற்கும் எழுத்துச்சர வகையைக் கொடுக்கலாமா? கொடுத்தால் 'கோள்களின் இயக்கம்' என்பது ஒரே துண்டாகப் பதியும். 'இயக்கம்' என்று மட்டும் தேடும் மாணவருக்கு அந்நூல் அகப்படாது. தமிழில் மற்றொரு சிக்கலும் உண்டு. 'கோ' என்ற எழுத்தில் ககரத்தை அடுத்து வரும் ஓகாரக் குறியை யூனிகோட் முறையில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கோ வெவ்வேறு!

இதற்காக நாமே ஒரு புது வகையை வகுக்கலாம். அதற்குத் 'தமிழ்த்தலைப்பு' என்று பெயரிடுவோம். அதனுள் வேலைகளை வரிசையாகக் குறிக்கிறோம். முதலில் ஒரு சீராக்கி, இருவகைக் குறியீடுகளையும் ஒன்றாக்கும். அடுத்து ஒரு பிரிப்பான், தலைப்பைச் சொற்களாக வெட்டும். பிறகு வடிகட்டிகள், வேண்டாத சொற்களை நீக்கும்.

இங்கு ஒன்றை மறவாதீர்கள். நூலைப் பதியும்போது செய்யும் சீராக்கத்தைத் தேடும் சொல்லுக்கும் செய்ய வேண்டும். ஒருபுறம் மட்டும் செய்தால் இரண்டும் பொருந்தா. வகையைப் பின்னர் மாற்றினால், பழைய பதிவுகள் தாமாக மாறிவிடுவதில்லை. அனைத்தையும் மீண்டும் பதிய வேண்டும்.

தவறான இடத்தில் செருகிய நூல், நூலகத்தில் இருந்தும் இல்லாததே அல்லவா? தவறான வகையில் பதிந்த செய்தியும் அப்படித்தான்.