தமிழில் தட்டச்சு: எந்த விசையும் சரி, சேமிப்பது யூனிகோடாக இருக்கட்டும்

டிடிபி கடையில் அடித்து வாங்கிய கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்புகிறோம். பெறுபவரின் கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் திறக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் சேமித்த ஆய்வேட்டில் ஓர் ஊரின் பெயரைத் தேடுகிறோம். கண்ணெதிரே இருக்கும் பெயரையே ‘இல்லை’ என்கிறது கணினி. தமிழில் எழுதுகிற பலரும் இந்த இரண்டையும் அனுபவித்திருப்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

தமிழில் தட்டச்சு செய்யும்போது இரு வேலைகள் நடக்கின்றன. விரல் எந்த விசையை அழுத்துகிறது என்பது ஒன்று. அந்த எழுத்தைக் கணினி எந்த எண்ணாகச் சேமிக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது அவரவர் பழக்கம். எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவதில் மட்டும் சமரசமே கூடாது.

கணினிக்குள் ‘அம்மா’

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் வெகுவாகப் புழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘அம்மா’ என்று அடித்தால், கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகளை. ஆங்கில ‘கே’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ம’ என்ற உருவத்தை வரைந்து வைத்திருப்பதால் திரையில் தமிழ் தெரிகிறது. பாமினி இல்லாத கணினிக்குக் கோப்பு போனால் உருவம் கழன்றுவிடும். ஆங்கிலக் குறிகள் மட்டும் மிஞ்சும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1980களிலும் 90களிலும் தமிழைக் கணினியில் ஏற்ற எளிய வேறு வழி இருக்கவில்லை. கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு என்று தனி ஆட்களின் உழைப்பில்தான் கணித்தமிழ் பிறந்தது. ஆனால் ஒவ்வொருவரும் எழுத்துகளை ஒவ்வொரு வரிசையில் அடுக்கினார்கள். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியவில்லை. இணையத்தில் கூடி விவாதித்தவர்கள் டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரு குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது. அப்போதும் சிக்கல் தீரவில்லை.

தீர்த்து வைத்தது யூனிகோடு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் ஏற்பாடு அது. அதில் தமிழுக்கென்று 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. யூனிகோடில் ‘அம்மா’ என்றால் 2949, 2990, 3021, 2990, 3006. முறையே அ, ம, புள்ளி, ம, கால். சென்னையில் அடித்தாலும் டொரண்டோவில் திறந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் அழகுதான் மாறும், எழுத்து மாறாது. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

எந்த விசைப்பலகை?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். புழக்கத்தில் உள்ள வழிகள் முக்கியமாக நான்கு.

முதலாவது தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியின் முன்னோடி. தாளில் அச்சாகும் வரிசைதான் பொறியில் அடிக்கும் வரிசை. ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தட்டச்சுப் பயிலகங்களில் படித்துத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு இதன் வேகத்தை வேறெதுவும் தராது.

இரண்டாவது ஒலிபெயர்ப்பு முறை. ஆங்கில விசைகளில் ஒலிப்படி அடித்தால் தமிழ் வரும். ஆங்கிலத் தட்டச்சு தெரிந்தவர் பத்து நிமிடத்தில் எழுதத் தொடங்கிவிடலாம். புலம்பெயர் தமிழர்கள் இணையத்தில் எழுதிக் குவித்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. குறை என்னவென்றால், ந-ன-ண, ல-ள-ழ வேறுபாட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஷிஃப்டையோ வேறொரு ஆங்கில எழுத்தையோ நாட வேண்டும். தமிழ்ச் சொல்லை மனத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலாக்கி, பிறகு அடிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது இன்ஸ்கிரிப்ட். இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அமைப்பு என்று 1980களில் மத்திய அரசு கொண்டுவந்தது. ஒரே ஒலி எல்லா மொழியிலும் ஒரே விசையில் இருக்கும் என்பது இதன் சிறப்பு. ஆனால் வர்க்க எழுத்துகள் தமிழில் இல்லாததால், அவற்றுக்கென்று ஒதுக்கிய இடங்கள் நமக்கு உதவுவதில்லை.

நான்காவது தமிழ்99. தமிழக அரசு 1999-இல் ஏற்ற அமைப்பு. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதையே. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால் இரு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. விரல்கள் இயல்பாக அமரும் நடு வரிசையில் அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந, ய என்று தமிழில் அடிக்கடி வரும் எழுத்துகள் இருக்கின்றன.

இதன் தனிச்சிறப்பு தானாக வரும் புள்ளி. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இன எழுத்து இணைகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. ‘தம்பி’ என்பதற்கு த, ம, ப, இ என்று நான்கு தட்டல் போதும். ‘வணக்கம்’ என்பதற்கு ஆறு. ஒலிபெயர்ப்பு முறையில் ஷிஃப்ட் நீங்கலாகவே எட்டு. ‘மமதை’ போன்ற சொல்லில் புள்ளி வேண்டாம் என்றால், முதல் ம-வுக்குப் பிறகு ‘அ’ விசையைத் தட்டினால் போதும். பள்ளியில் படித்த இன எழுத்து இலக்கணம் விசைப்பலகையிலேயே வேலை செய்கிறது.

எப்படித் தொடங்குவது?

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரை அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம். மேக் கணினியிலும் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறையிலான அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. லினக்ஸிலும் வசதி உண்டு. தட்டச்சுப் பொறி அல்லது பாமினி விசைகளுக்குப் பழகியவர்கள் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களை நிறுவிக்கொள்ளலாம். பழகிய விசையிலேயே அடிக்கலாம், சேமிப்பது மட்டும் யூனிகோடாக இருக்கும்.

பேசினால் எழுதித் தரும் வசதி இப்போது நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஆனாலும் அது எழுதித் தருவதைத் திருத்த விசைப்பலகை வேண்டும்.

பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு

யூனிகோடில் அடிப்பவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘ஔவை’ என்பதில் ஔ ஒரே எழுத்து. அதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாக அடித்தாலும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அது ‘ஒளவை’, வேறு சொல். தேடலில் அகப்படாது, அகரவரிசையில் இடம் மாறிப் போகும். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை ‘ஒ-ள-வை’ என்றே உச்சரிக்கும். ‘கௌ’ என்பதைக் ‘கெ’, ‘ள’ என்று அடிப்பதும் இதே பிழை. காலுக்குப் பதில் ‘ர’ அடிப்பது இன்னொன்று. தாளில் படிக்கும் கண் இவற்றை மன்னித்துவிடும், கணினி மன்னிக்காது.

பழைய கோப்புகளை என்ன செய்வது?

அச்சகங்கள் பழைய எழுத்துருக்களை விடாததற்கு நியாயமான காரணம் இருந்தது. அவர்கள் பல்லாண்டு பயன்படுத்திய பேஜ்மேக்கர் யூனிகோடு அறியாதது. இன்டிசைனில் அந்தத் தடை இல்லை; பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடுத் தமிழ் ஒழுங்காக வரும்.

ஏற்கெனவே சேர்ந்துள்ள கோப்புகளை என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகளால் மாற்றலாம். மூலம் பாமினியா, டிஸ்கியா, டாப்-ஆ என்பதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் எச்சரிக்கை தேவை. பாமினியில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே எண்கள் என்பதால், ஆங்கிலப் பெயர்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். மாற்றியபின் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் படித்தே ஆக வேண்டும்.

செலவு மிகுந்த வேலை எதுவும் இதில் இல்லை. வீட்டில் பிள்ளைகள் கணினியில் கைவைக்கும் வயதிலேயே தமிழ்99-ஐப் பழக்கலாம். பள்ளிக் கணினி வகுப்பில் அதற்கு ஒரு பருவம் ஒதுக்கலாம். அலுவலகங்கள் சுற்றறிக்கையைக் குறிப்பிட்ட எழுத்துரு தேவைப்படாத வடிவில் அனுப்பலாம். டிடிபி கடைக்குப் போகும் நாம் ஒவ்வொருவரும், ‘யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கலாம். அப்படி அடித்தது தேடினால் கிடைக்கும். எந்தக் கருவியிலும் திறக்கும். படிக்க முடியாதவருக்கும் காதில் கேட்கும்.